கூஃபாவின் பட்டு வணிகர்

நிகாஹுக்கு நாள் குறித்துவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது காஞ்சிபுரத்துக்கு எப்போது போகலாம் என்பதைத்தான். ஒரு சேலைக்காகப் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். சரிகையைத் திருப்பிப் பார்ப்பார்கள், எடையைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த ஊரிலேயே ஒலிமுகமதுபேட்டை முதலிய இடங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். தொண்டை நாட்டு முஸ்லிம்களில் பலர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். ஆனால் தம் இமாம் பட்டுத் துணி விற்றுப் பிழைத்தவர்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? தக்பீர் கட்டுவது தொப்புளுக்குக் கீழேயா, ஆமீன் சொல்வது மெதுவாகவா என்பதில் இமாமின் பெயரை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் நாம், கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம். ஆகவே இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வை இம்முறை அவர்களின் கடை வாசலில் நின்று பார்ப்போம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 80ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 699இல், இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் ஸாபித். பாட்டனார் காபூலிலிருந்து வந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். இமாம் அவர்கள் விற்றது கஸ்ஸு எனப்படும் துணி. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த உயர்ந்த ரகம் அது. ஆண்கள் தூய பட்டு உடுத்துவது ஹராமாயிற்றே, ஓர் இமாம் எப்படிப் பட்டு விற்றார் என்று சிலர் கேட்பதுண்டு. பெண்களுக்குப் பட்டு ஆகுமானது. கஸ்ஸோ தூய பட்டும் அன்று. கேள்வி அத்துடன் தீர்ந்தது. கூஃபாவில் அம்ரு இப்னு ஹுரைஸ் அவர்களின் மாளிகையில் இமாமின் கடை இருந்தது.

இளமையில் கடைத்தெருவே கதி என்றிருந்த அவர்களை ஒருநாள் இமாம் ஷஅபீ (ரஹ்) கண்டு, உன்னிடம் கூர்மை தெரிகிறது, ஆலிம்களின் சபைக்குப் போ என்ற கருத்தில் புத்தி சொன்னார்கள். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. ஹம்மாது இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் சேர்ந்து, ஹிஜ்ரி 120இல் அந்த உஸ்தாது வஃபாத்தாகும் வரை, பதினெட்டு ஆண்டுகள் ஓதினார்கள். ஆனால் கடையை மூடிவிடவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை ஏட்டில் மட்டும் படித்தவர்களாக அவர்கள் இல்லை. காலையில் துணி அளந்து பணம் எண்ணிய கையால்தான் அவற்றை ஆராய்ந்தார்கள்.

ஒருமுறை ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்தாள். நூறு திர்ஹம் கேட்டாள். இதன் மதிப்பு அதைவிட அதிகம் என்றார்கள் இமாம். அவள் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தாள். அப்போதும் அதிகம் பெறும் என்று சொல்லவே, தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவள் எண்ணினாள். விலை மதிக்கத் தெரிந்த ஓர் ஆளை அழைத்து வரச் செய்து, ஐந்நூறு கொடுத்து வாங்கினார்கள். வாங்குபவரே விலையை ஏற்றிய பேரம் அது! விற்பவரின் அறியாமையை இலாபக் கணக்கில் சேர்க்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

ஹஃப்ஸு இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் அவர்களின் வியாபாரக் கூட்டாளி. சரக்கை அவரிடம் அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, சொல்லி விற்றுவிடு என்று இமாம் தெரிவித்திருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி தெரிந்ததும் இமாம் அவர்கள் அச்சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். இந்த வரலாற்றை வாசிக்கும்போது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. பாதிச் சரிகையை முழுச் சரிகை என்று விற்பவர்களும், கலப்புப் பட்டைத் தூய பட்டு என்று தலையில் கட்டுபவர்களும் இல்லாத கடைத்தெரு இன்று எங்கே இருக்கிறது?

கடன் கொடுப்பதில் அவர்கள் காட்டிய பேணுதல் இதனினும் பெரிது. கடும் வெயிலில் ஒருவரின் வீட்டருகே இமாம் நிற்பதை யஸீது இப்னு ஹாரூன் (ரஹ்) கண்டார்கள். பக்கத்திலேயே சுவரின் நிழல் இருந்தது. காரணம் கேட்டபோது, இவ்வீட்டுக்காரர் எனக்குக் கடன்பட்டவர், அவருடைய நிழலில் ஒதுங்க மனமில்லை என்ற பொருளில் விடை வந்தது. நிழலில் நிற்பது வட்டி என்று எந்த மார்க்கத் தீர்ப்பும் கூறாது. இமாமும் அவ்வாறு பிறருக்குச் சட்டம் சொல்லவில்லை. தமக்கு மட்டும் விதித்துக்கொண்ட பேணுதல் அது. கொடுத்த கடனைக் கொண்டு எந்தப் பயனும் பெறலாகாது என்ற விதியை அவர்கள் அந்த அளவுக்கு நீட்டிப் பார்த்தார்கள்.

மற்றொரு நாள் தெருவில் ஒருவர் இவர்களைக் கண்டதும் முகத்தை மறைத்துக்கொண்டு வேறு வழியில் திரும்பினார். இமாம் அழைத்து விசாரித்தார்கள். பத்தாயிரம் திர்ஹம் கடன், தவணை கடந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்றார் அவர். இமாம் அக்கடன் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அத்தோடு, தம்மைக் கண்டு அவர் உள்ளம் பட்ட வேதனைக்காக அவரிடமே மன்னிப்பும் வேண்டினார்கள். உடன் இருந்து கண்ட ஷகீக் அல்பல்கீ (ரஹ்) இதை அறிவிக்கிறார்கள்.

இனி காஞ்சிபுரத்துக்கு வருவோம். பட்டு நெசவில் முன்பணம் என்று ஒரு வழக்கம் உண்டு. தறி முதலாளியிடம் நெசவாளி ஒரு தொகையை வாங்குவார். மகள் கலியாணம், மருத்துவச் செலவு, மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்ற நாட்கள் என்று காரணங்கள் பல. வட்டி என்ற பேச்சே பல இடங்களில் இராது. ஆனால் பணத்தைத் திருப்பித் தரும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியில் ஒரு சேலைக்குக் கூலி மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கடன்பட்டவருக்கு முதலாளி இரண்டாயிரத்து எழுநூறு தருகிறார். அந்த முந்நூறு ரூபாய்க்கு என்ன பெயர்? கடனை வைத்து நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியின் பாற்பட்டது என்பது ஹனஃபி ஃபிக்ஹின் தெளிவான முடிவு. கடனையும் வியாபாரத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதைப் பெருமானார் (ஸல்) அவர்களும் தடுத்திருக்கிறார்கள். வட்டி என்ற சொல் கணக்குப் புத்தகத்தில் இல்லை என்பதால் மட்டும் அந்த முந்நூறு ஹலாலாகிவிடாது.

இந்த முன்பணத்துக்காகச் சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பிய கொடுமையும் அங்கே நடந்ததுண்டு. 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பெற்றோர் வாங்கிய கடனுக்காக உழைத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசிற்று. சுதந்திரமான மனிதர் எவரையும் அடகுப் பொருளாக்க முடியாது என்பது ஃபிக்ஹு நூல்களில் ஆரம்பப் பாடம்.

அப்படியானால் தேவைப்படும் நெசவாளிக்கு முன்கூட்டிப் பணம் கொடுக்க மார்க்கத்தில் வழியே இல்லையா? உண்டு. அதைத் தெளிவாக வரையறுத்தவர்களில் முதன்மையானவர்கள் இந்தப் பட்டு வணிகர்தாம். ஸலம் என்னும் வியாபாரத்தில் முழு விலையையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, குறித்த தவணையில் சரக்கைப் பெறுகிறோம். அதற்கு இமாம் அவர்கள் ஏழு நிபந்தனைகள் கூறினார்கள். பொருளின் இனம், வகை, தரம், அளவு, தவணை, கொடுத்த முதலின் அளவு, ஒப்படைக்கும் இடம் ஆகிய ஏழும் ஐயமற இருக்க வேண்டும். துணியாக இருந்தால் நீள அகலம் சொல்ல வேண்டும். பட்டாக இருந்தால் எடையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டில் எடையே கருதப்படும் பொருள் என்று ஹிதாயா என்னும் ஹனஃபி நூலில் காண்கிறோம். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் தராசை எடுக்கும்போது இந்த மஸ்அலா நம் நினைவுக்கு வருகிறது. தவணையில் சேலை வந்து சேரவில்லையென்றாலும் கொடுத்த முதலுக்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது. விலை முன்பே முடிவானது, ஆகவே நெசவாளியின் நெருக்கடியைக் காட்டிப் பின்னர் குறைக்கவும் இயலாது.

பாவும் சரிகையும் முதலாளியே தந்து கூலிக்கு நெய்ய விடுவது வேறு வகை. அது வாடகை ஒப்பந்தம். அதில் கூலி முன்னரே தெரிந்ததாக இருக்க வேண்டும். நூலைக் கொடுத்து, நெய்யும் துணியில் பாதியையே கூலியாக எடுத்துக்கொள் என்பதைக்கூட ஹனஃபி மூல நூல்கள் ஏற்கவில்லை. பல்கு நாட்டு ஆலிம்கள் தம் ஊர் வழக்கத்தை முன்னிட்டு அதை அனுமதித்தது பிற்காலத்துச் செய்தி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலருக்கும் வேலை செய்யும் கைவினைஞரிடம் ஒப்படைத்த பொருள், அவர் குற்றமின்றித் தொலைந்தோ அழிந்தோ போனால் யார் பொறுப்பு? பொருள் அவர் கையில் அமானிதம், ஆகவே அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை என்பது இமாமின் தீர்ப்பு. அவர்களின் மாணவர் இருவர், அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்), மாறுபட்டார்கள். துணி கொடுத்து வேலை வாங்கும் வணிகர் ஒருவர் வேலைக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது நமக்கு வியப்பூட்டுகிறது.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. இஸ்லாமிய ஆட்சியோடு போரிலிருக்கும் நாட்டில் முஸ்லிமல்லாதவரிடம் உபரி பெறுவது வட்டியாகாது என்று இமாம் அவர்களிடமிருந்து ஒரு கூற்று வருகிறது. அபூயூசுஃப் (ரஹ்) அவர்களே அதை ஏற்கவில்லை. ஆனால் வட்டிக்கு விட விரும்பும் சிலர் நம் நாட்டில் இதைத் தூக்கிப் பிடிக்கின்றனர். நாம் இங்கே அண்டை அயலாருடன் உடன்பட்டு, ஒரே சட்டத்தின் கீழ்ச் சம உரிமையோடு வாழ்கிறோம். போர்க்களத்து மஸ்அலாவை அடகுக்கடைக்கு இழுத்து வருவது நியாயமா? கடனாளியின் நிழலை அஞ்சியவர்களின் பெயரைச் சொல்லி வட்டி வாங்குவதை நம்மால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்று வட்டியில்லா வங்கி என்று பேசப்படுவது புதுமை என்று எண்ண வேண்டாம். 1963இல் எகிப்தின் மித்கம்ர் என்ற ஊரில் அஹ்மது அந்நஜ்ஜார் சிறு சேமிப்பாளர்களுக்காக ஒரு வட்டியில்லா வங்கியைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நீடித்தது. 1975இல் துபை இஸ்லாமிய வங்கி தோன்றிற்று. நம் நாட்டிலோ தேவ்பந்தில் 1961இல் முஸ்லிம் ஃபண்டு ஏற்பட்டு, நகையை அடமானமாகப் பெற்று வட்டியின்றிக் கடன் வழங்கலாயிற்று. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தை மேற்கொண்டு செல்வதில்லை என்று அறிவித்தது. நம் ஊர்களின் பைத்துல்மால்கள் தம்மால் இயன்றதைச் செய்துவருகின்றன. நகையை வட்டிக் கடையில் வைத்துவிட்டு மாதந்தோறும் கண்ணீர் வடிக்கும் தாய்மார்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

கூஃபாவில் அத்தகைய நிலையம் எதுவும் இல்லை. இமாமின் வீடே மக்களின் பெட்டகமாக இருந்தது. பயணம் போவோர், விதவைகள், வியாபாரிகள் என்று பலரும் பணத்தை அங்கே அமானிதமாக வைத்தார்கள். வஃபாத்தின்போது ஐந்து கோடி திர்ஹம் வரை இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெருந்தொகை என்று கொண்டால் போதும். தம் வியாபாரத்தின் இலாபத்தை ஆண்டுதோறும் சேர்த்து, ஆலிம்களுக்கும் ஓதும் பிள்ளைகளுக்கும் உணவும் உடையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஏழை மாணவராக வந்த அபூயூசுஃபின் குடும்பத்தையும் அவர்களே தாங்கினார்கள். அந்த ஏழை மாணவர்தாம் பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியானார்.

சொந்தக் கையில் உழைத்த காசு இருந்ததால் அரசர்களிடம் தலை குனிய வேண்டிய அவசியம் இமாமுக்கு ஏற்படவில்லை. உமய்யாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி தர முன்வந்தபோது மறுத்துக் கசையடி பெற்றார்கள். பின்னர் அப்பாஸியக் கலீஃபா மன்ஸூர் பக்தாதுக்கு அழைத்துக் காழிப் பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். அப்போதும் மறுத்துச் சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150இல், கி.பி. 767இல், பக்தாதில் வஃபாத்தானார்கள். ஜனாஸாவுக்குத் திரண்ட கூட்டம் பக்தாது அதுவரை கண்டிராதது. கைஸுரான் அடக்கத்தலத்தில் அடங்கப்பெற்றுள்ளார்கள். அப்பகுதி இன்றும் அவர்களின் பட்டப்பெயரால் அஃழமிய்யா என வழங்குகிறது.

மன்ஸூர் முன்பு பல தடவையாக முப்பதாயிரம் திர்ஹம் அன்பளிப்பு வழங்கியிருந்தார். நேரே மறுத்தால் சினம் கொள்வார் என்று கருதிய இமாம், பக்தாதில் நான் அந்நியன், இத்தொகையைப் பத்திரப்படுத்த எனக்கு இடமில்லை, பைத்துல்மாலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவைத்தார்கள். மன்ஸூரும் நம்பினார். இமாம் மறைந்த பிறகு அவர்களின் வீட்டிலிருந்து மக்களின் அமானிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அத்தனையையும் பத்திரமாக வைக்க இடமிருந்த வீட்டில், கலீஃபாவின் பணத்துக்கு மட்டும் இடமில்லாமல் போயிருக்கிறது. அபூஹனீஃபா நம்மை ஏமாற்றிவிட்டாரே என்று மன்ஸூர் அப்போதுதான் உணர்ந்தார்.