நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் எங்கள் வீட்டு மேசையும்

நாங்கள் புத்தளத்திலிருந்து அரியாலைக்குக் குடிவந்த வருடம் எனக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. அவன் சிங்கள மொழிமூலம் படித்தவன். மேசய என்னும் சிங்களச் சொல்லைத்தான் நாம் மேசை என்கிறோம் என்றான். இல்லை, அவர்கள்தாம் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் நின்றேன். இரண்டே மொழி தெரிந்த வீட்டில் வழக்கு இப்படித்தான். ஒன்று வென்றால் மற்றது தோற்றாக வேண்டும்.

வாப்பா சிரித்தார். மேசை போர்த்துக்கேயச் சொல்லாம். கதிரை, யன்னல், அலுமாரி எல்லாமே அவர்களுடைய கப்பலில் வந்தவையாம். அன்றுதான், நமக்குப் பக்கத்திலே நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசரைப் பற்றியும் சொன்னார். பிறகு நானாகத் தேடி வாசித்தேன்.

1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்த வைத்திலிங்கமே அவர். தகப்பனார் இறந்தபின் தாயார் அச்சுவேலிக் கத்தோலிக்கர் ஒருவரை மணந்தார். அந்த வளர்ப்புத் தந்தை அச்சகம் நடத்தியவர். பிள்ளை எழுத்துகளுக்கு நடுவே வளர்ந்தது. பின்னர் புகையிரதப் பகுதியில் லிகிதர் வேலை. அதற்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். அத்தோடு நின்றிருந்தால் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் நிற்கவில்லை. 1901இல் குருவானார். இலத்தீன், பிரெஞ்சு, போர்த்துக்கேயம், சமஸ்கிருதம், சிங்களம் என்று மொழிகள் சேர்ந்துகொண்டே போயின. எழுபதுக்கு மேல் என்பார்கள். அத்தனையையும் பேசினாரா, வாசிக்க மட்டும் அறிந்தாரா என்பது வேறு கேள்வி. எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு அக்கறையில்லை.

என்னைக் கவர்ந்தது அவர் அவற்றைக் கொண்டு செய்த வேலை. நம்மூர் வரலாற்றைச் சொல்லும் தமிழ் நூலைப் போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றோடு ஒப்பிட்டு, 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டார். 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்தால் அதன் உறவுகளைப் பிற மொழிகளிலெல்லாம் தேடுவார். அ, இ, உ, எ என்ற நான்கு வேர்களிலிருந்தே தமிழ்ச் சொற்கள் கிளைத்தன என்பது அவர் கொள்கை. இன்றைய மொழியியலாளர் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும், யார் யாரிடம் எடுத்தது என்று வீட்டில் சண்டை பிடித்த எனக்கு, ஒரு சொல்லின் வழியை இத்தனை பொறுமையாகத் தொடர்ந்துபோன ஒருவரை அறிந்தபோது வெட்கமாக இருந்தது.

1947 ஜனவரியில் காலமானார். அகராதி முற்றுப்பெறவில்லை.

தம்பி இப்போது அரபு படிக்கிறான். போன கிழமை கடைக் கொப்பியில் பாக்கி என்று எழுதியிருந்ததைக் கண்டு, கொப்பியையும் தூக்கிக்கொண்டு வாப்பாவிடம் ஓடினான்.