காசாளர் எழுதிய பாட்டு

இந்த மாத சுவர் இதழுக்கு ஒரு பெரியவர் வரலாறு எழுதணும்னு தமிழம்மா சொன்னாங்க. எல்லாரும் காந்தி, காமராசர்னு எடுத்துக்கிட்டாங்க. நான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை எடுத்தேன். காரணம் அப்புறம் சொல்றேன்.

இவர் 1922 நவம்பர் 7இல் புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் சக்தி இதழில் காசாளர் ஆனார். அங்கே இருந்த எழுத்தாளர் தி.ஜ.ர. தான் இவரை எழுதத் தூண்டினார். பிறகு இந்தியன் வங்கியில் வேலை. பகலெல்லாம் கணக்கு, மற்ற நேரம் பாட்டு! 1944இல் மலரும் உள்ளம் வந்தது, 23 பாடல்கள். சின்ன வகுப்பில் நாம பாடின மாம்பழப் பாட்டு இவருடையதுதான்.

தான் மட்டும் எழுதினால் போதாதுன்னு 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கி, நமக்காக எழுத ஆள் சேர்த்தார். பூஞ்சோலை, கோகுலம் இதழ்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1989 மார்ச் 16இல் மறைந்தார்.

இப்போ காரணம். எங்க அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை. ராத்திரி சாப்பிடும்போது, பெரிய டிரம்மில் தோல் சுத்துற கதையெல்லாம் சொல்வார். அதை எழுதினேன். ஒருத்தர் படிச்சிட்டு நாத்தம் பிடிச்ச கதைன்னு சிரிச்சாங்க. கிழிச்சுப் போட்டுட்டேன். வள்ளியப்பாவும் காசு எண்ணுற வேலைக்கு நடுவுலதானே எழுதினார்? நேத்து அப்பாகிட்ட மறுபடி கேட்டேன். ஒரு பக்கம் எழுதியாச்சு. அடுத்த மாசம் இதே இடத்தில் ஒட்டுவேன். படிச்சிட்டு சிரிங்க பார்ப்போம்!

- 8ஆம் வகுப்பு, ஆ பிரிவு