கொடியை மறைத்த மரக்கன்று

1936 ஓகஸ்ட் 9 ஆம் திகதி இரவு பேர்லினில் யப்பானிய ஒலிம்பிக் அணியினர் வெற்றிக் கொண்டாட்டம் ஒன்றை நடத்தினார்கள். அன்று பிற்பகல் நடந்த மரதன் ஓட்டத்தில் யப்பானின் கணக்கில் ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் சேர்ந்திருந்தன. ஆனால் அவற்றை வென்ற இருவரும் கொண்டாட்டத்துக்கு வரவில்லை. தங்கம் வென்ற சொன் கீ-ஜொங்கும் வெண்கலம் வென்ற நாம் சுங்-யொங்கும் அந்நேரத்தில் நகரின் வேறொரு மூலையில், சோயாக் கட்டி செய்து விற்கும் அன் பொங்-குன் என்ற கொரியரின் வீட்டில் இருந்தார்கள். 1909 இல் யப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக்கொன்று, பின்னர் தூக்கிலிடப்பட்ட அன் ஜுங்-குன்னின் ஒன்றுவிட்ட சகோதரர் அவர். அந்த இடத்தில் ஒரு கொரியக் கொடி இருந்தது. தன்னுடைய நாட்டின் கொடியைத் தான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

விளையாட்டு வீரர்கள் ஆட்சியாளர்களின் அழைப்பை மறுப்பது இப்போது அடிக்கடி செய்தியாகின்றது. வெற்றிபெற்ற அணிகளை அமெரிக்க ஜனாதிபதி வெள்ளை மாளிகைக்கு அழைப்பதும், சிலர் போகாமல் விடுவதும், அதைப்பற்றி ஒரு வாரத்துக்குத் தொலைக்காட்சிகளில் வாக்குவாதம் நடப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த மறுப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வீரர்கள் தங்களுடைய சொந்த நாட்டின் தலைவரை மறுக்கிறார்கள். மறுத்த பிறகும் அது அவர்களுடைய நாடுதான். பெயரும் கொடியும் கீதமும் இன்னொருவருடையதாக இருக்கும்போது ஒரு வீரர் எதை மறுக்கலாம்? விருந்தினர் பட்டியலில் பெயர் இருப்பதே சில இடங்களில் ஓர் உத்தரவு என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சொன்னின் வாழ்க்கையை நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அந்தக் கேள்வியோடுதான்.

அவர் பிறந்தது 1912 இல், கொரியாவின் வடமேற்கு எல்லையில், யாலு ஆற்றங்கரையில் உள்ள சினுய்ஜு என்ற ஊரில். அதற்கு இரண்டு வருடங்கள் முன்னதாகவே, 1910 இல், யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டு விட்டது. குடும்பம் வறியது. குளிர்காலத்தில் ஆறு உறையும் அந்த ஊரில் பிள்ளைகள் பனிச்சறுக்குச் சப்பாத்தோடு விளையாடுவார்கள். சொன்னிடம் அதை வாங்கப் பணம் இல்லை. ஓடுவதற்குப் பணம் தேவைப்படவில்லை. பின்னர் சியோலில் உள்ள யாங்ஜொங் பாடசாலையில் சேர்ந்தார். நெடுந்தூர ஓட்டத்தில் பெயர்பெற்ற பாடசாலை அது.

1935 நவம்பரில் தோக்கியோவில் 2 மணி 26 நிமிடம் 42 செக்கனில் மரதனை ஓடி முடித்தார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு விரைவாக அந்தத் தூரத்தை ஓடியதில்லை. இருந்தும் அடுத்த வருட ஒலிம்பிக்கிற்கு அவரை அனுப்புவது யப்பானிய அதிகாரிகளுக்குச் சுலபமான முடிவாக இருக்கவில்லை. தெரிவுப் போட்டியில் நாம் முதலாவதாகவும் சொன் இரண்டாவதாகவும் வந்தார்கள். மூன்று இடங்களில் இரண்டு கொரியர்களுக்கா? நான்கு பேரை பேர்லினுக்குக் கூட்டிச் சென்று, அங்கே ஒலிம்பிக்கிற்குச் சற்று முன்னர் இன்னொரு தெரிவு ஓட்டம் வைத்தார்கள். அதிலும் இந்த இருவரையும் வெளியே தள்ள முடியவில்லை.

பதிவேட்டில் அவருடைய பெயர் சொன் கித்தேய். அவருடைய பெயருக்குரிய அதே சீன எழுத்துகளை யப்பானிய உச்சரிப்பில் வாசித்தால் அப்படித்தான் வரும். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒருவரின் பெயரைப் பறித்துக்கொள்ளலாம் என்பதை இதில்தான் நான் கண்டேன். பேர்லினில் கையொப்பம் கேட்டு வந்தவர்களுக்கு அவர் தன் பெயரைக் கொரிய எழுத்தில் போட்டார். சில இடங்களில் பக்கத்தில் கொரியாவின் வரைபடத்தையும் சிறிதாகக் கீறிக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குக் கொரியா என்றார்.

ஓட்டம் தொடங்கியது ஓகஸ்ட் மாத வெயிலில், பிற்பகல் 3 மணிக்கு. 56 பேர் ஓடினார்கள். 1932 ஒலிம்பிக்கில் வென்ற ஆர்ஜென்ரீனாவின் சபாலா ஆரம்பத்திலேயே வெகுதூரம் முன்னே போய்விட்டார். சொன்னுக்குப் பக்கத்தில் ஓடிய பிரித்தானியாவின் ஏர்னி ஹார்ப்பர், அவரைத் துரத்தாதே, நிதானமாக வா என்று சைகையால் சொன்னாராம். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவருக்கு அவர் சொன்ன யோசனை அது. சபாலா களைத்து, கடைசியில் போட்டியிலிருந்தே விலகினார். பெருவிரலைத் தனியாகப் பிரிக்கும் யப்பானியத் துணிச் சப்பாத்தோடு ஓடிய சொன் 2 மணி 29 நிமிடம் 19 செக்கனில் ஓட்டத்தை முடித்தார். ஒலிம்பிக் சாதனை. இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் ஹார்ப்பர், அவருக்கு 19 செக்கன் பின்னால் நாம்.

அடுத்து நடந்ததை உலகம் படமாகத்தான் அறியும். மேடையில் மூவர். யப்பானின் கீதம் ஒலிக்கின்றது. சொன்னும் நாமும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். வெற்றியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஓக் மரக்கன்று ஒன்று சொன்னின் கையில் இருக்கின்றது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். சட்டையில் இருந்த யப்பானியக் கொடி அந்த இலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அன்று சொன்மீது தனக்குப் பொறாமை வந்தது தங்கத்துக்காக அல்ல, மறைப்பதற்குக் கையில் ஒரு கன்று கிடைத்ததற்காகத்தான் என்று நாம் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கதையை இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் சொன் மேடை ஏற மறுக்கவில்லை. பதக்கத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹிட்லரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அதை வைத்து அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிப்படையாக மறுத்திருந்தால் அவரும் சியோலில் இருந்தவர்களும் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்பதை அடுத்த சில வாரங்களே காட்டின. அவருக்கு மிச்சமாக இருந்தது ஒரு முழத்துக்கும் குறைந்த இடம்: ஒரு கையொப்பம், ஒரு குனிந்த தலை, ஒரு மரக்கன்று, போகாமல் விட்ட ஒரு கொண்டாட்டம். ஊரில் இருந்த நண்பருக்கு அவர் அனுப்பிய அஞ்சலட்டையில் இருந்ததும் துக்கத்தைச் சொல்லும் ஒரு சொல்தான்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், செய்திப்படத்தில் கை வைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இன்றைக்கும் நான் அதை ஏற்கிறேன். ஆனால் 1936 ஓகஸ்ட் 25 ஆம் திகதி வெளிவந்த தொங்-ஆ இல்போ பத்திரிகையைப் பற்றி என்ன சொல்வது? சியோலில் வெளிவந்த அந்தக் கொரிய மொழி நாளிதழ், சொன் மேடையில் நிற்கும் படத்தைப் பிரசுரித்தது. அவருடைய நெஞ்சில் கொடி இல்லை. விளையாட்டுச் செய்தியாளர் யீ கில்-யொங்கின் முயற்சியில், ஓவியர் யீ சாங்-பொம் அதை அழித்திருந்தார். உண்மையில் இருந்த ஒன்றை அழித்த படம் அது. தணிக்கையாளர்கள் விட்டுவைத்த பத்திரிகைகளில் அச்சாகாத ஓர் உண்மையையும் அதே படம்தான் சொன்னது. இந்த முரண்பாட்டை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

பொலிசார் தீர்த்துக்கொண்டார்கள். யீ கில்-யொங், யீ சாங்-பொம், சமூகச் செய்திப் பிரிவின் பொறுப்பாளரான எழுத்தாளர் ஹ்யொன் ஜின்-கொன் உட்படப் பலர் பிடிக்கப்பட்டார்கள். சித்திரவதை நடந்தது. இனிப் பத்திரிகைத் தொழிலில் இருக்கமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். தொங்-ஆ இல்போ ஒன்பது மாதங்களுக்கு மேல் தடைசெய்யப்பட்டது. யோ உன்-ஹ்யொங் நடத்திய சோசொன் ஜுங்-ஆங் இல்போ என்ற இன்னொரு பத்திரிகை, அதற்கு முன்னரே, ஓகஸ்ட் 13 ஆம் திகதி, கொடியை மறைத்த படத்தைப் போட்டிருந்தது. அது மீண்டும் வெளிவரவேயில்லை.

சொன்னைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்தப் பத்திரிகைக்காரர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. யீ கில்-யொங் விடுதலைக்குப் பிறகு தன் தொழிலுக்குத் திரும்பினார். 1950 இல் கொரியப் போர் வெடித்தபோது அவரை வடக்கிற்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

சொன் நாடு திரும்பியபோது பெரிய வரவேற்பு எதுவும் அனுமதிக்கப்படவில்லை. விமான நிலையத்திலேயே பொலிசார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கம் வென்றவர் கைதியைப் போல நடத்தப்பட்டார். பின்னர் தோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தது. இனி ஓடக்கூடாது என்பது அதற்கு நிபந்தனை. உலக சாதனை கையில் இருந்த ஒருவர், இருபதுகளின் நடுவில், அதை ஏற்றுக்கொண்டார். 1940 இல் பட்டம் பெற்று, வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1943 இல், கொரிய மாணவர்களை யப்பானியப் படையில் சேரும்படி தூண்டும் பிரசாரத்தில் சொன்னைப் பயன்படுத்தினார்கள். அவரும் போனார். இந்த அழைப்பை அவர் மறுக்கவில்லை, அல்லது மறுக்க முடியவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தினார். நினைவுச் சின்னங்களில் இது இருக்காது. ஆனால் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பக் கேட்டு யாராவது வாசலுக்கு வந்த வீடுகளில், இதை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேர்லினில் தலைகுனிந்தவரும் இவரும் ஒரே ஆள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் அது இன்னொரு கொடி அழிப்பாகிவிடும்.

1945 இல் யப்பான் தோற்றது. சொன் ஓடும் வயதைத் தாண்டியிருந்தார். மற்றவர்களை ஓட வைத்தார். இளம் ஓட்டக்காரர்கள் அவருடைய வீட்டிலேயே தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். 1947 இல் அவருடைய மாணவர் சோ யுன்-போக் பொஸ்டன் மரதனில் 2 மணி 25 நிமிடம் 39 செக்கனில் வென்றார். சொன் 1935 இல் நிலைநாட்டிய நேரம் பன்னிரண்டு வருடங்களாக அசையாமல் இருந்தது. அதைக் கடைசியில் முறித்தது அவரே வளர்த்த பையன். நாமும் அந்த ஓட்டத்தில் ஓடினார். அடுத்த வருடம் இலண்டன் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் கொரிய அணி தன் சொந்தப் பெயரில் நடந்துவந்தது. கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் சொன். 1950 ஏப்ரலில் பொஸ்டனில் முதல் மூன்று இடங்களையும் கொரியர்களே பிடித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போர் தொடங்கியது.

போர் முடிந்தபோது சினுய்ஜு எல்லையின் மறுபக்கத்தில் இருந்தது. யாருடைய கொடிக்காக வருந்தினாரோ அந்த நாடே இரண்டாகிவிட்டது. அவர் தெற்கில் வாழ்ந்தார்.

மரதன் வெற்றியாளருக்கென்று ஒரு கிரேக்கப் பத்திரிகை 1936 இல் பழங்கால வெண்கலத் தலைக்கவசம் ஒன்றை அன்பளிப்புச் செய்திருந்தது. அது அவருக்குக் கொடுக்கப்படவேயில்லை. பேர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் கிடந்தது. பல வருட முயற்சிக்குப் பிறகு 1986 இல், ஐம்பது வருடம் தாமதமாக, அவர் கைக்கு வந்தது. அதை அவர் வீட்டில் வைத்திருக்கவில்லை. 1994 இல் கொரியத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1988 இல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், 76 வயதில், தீபத்தை ஏந்தியபடி மைதானத்துக்குள் ஓடிவந்தார். ஓடினார் என்பதைவிடத் துள்ளினார் என்பதே சரி. சின்னப் பிள்ளை பாடசாலை விட்டு வருவதுபோல இருந்தது அது. 1992 இல் பார்சிலோனாவில் ஹ்வாங் யொங்-ஜோ, யப்பானின் மொரிஷிட்டாவை முந்திக்கொண்டு மரதன் தங்கத்தை வென்றபோது அவர் மைதானத்தில் இருந்தார். அன்றைய திகதியும் ஓகஸ்ட் 9 தான்.

2002 நவம்பர் 15 ஆம் திகதி அவர் காலமானார். பேர்லினில் இருந்து கொண்டுவந்த மரக்கன்று அவருடைய பழைய பாடசாலை வளவில் நடப்பட்டது. இன்று அந்த இடம் அவர் பெயரில் ஒரு பூங்கா. மரம் பெரிதாக வளர்ந்து நிற்கின்றது.

பேர்லின் ஒலிம்பிக் மைதானத்தின் சுவரில் வெற்றியாளர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1970 இல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இரவோடு இரவாக உள்ளே புகுந்து, சொன்னின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த யப்பான் என்ற சொல்லை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, கொரியா என்று பொறித்தார். ஜேர்மன் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்து, மறுபடியும் யப்பான் என்றே மாற்றினார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் பதிவிலும் அந்தத் தங்கம் இன்றுவரை யப்பானுடையதுதான். வென்றவரின் பெயர் சொன் கித்தேய்.