மழையை அளந்த அறிஞர்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். மழைநீரைத் தூயதெனப் போற்றுதல் நம் மரபு. அம்மழையினும் ஆலைப்புகை கலந்து வருதலை அளந்து காட்டியவர் றொபேட் அங்கஸ் சிமித் என்னும் இரசாயன அறிஞர்.

அவர் 1817ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரின் அயலிலே பிறந்தார். சமயகுருவாதற்கெனக் கற்கத் தொடங்கியவர், அக்கல்வியை இடையில் விடுத்தார். பின்னர் ஜேர்மனி சென்று, பயிர்களின் உணவை ஆராய்ந்த லீபிக் என்னும் பேராசானிடம் இரசாயனம் பயின்று, 1841இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மீண்டு வந்து அவர் வாழ்ந்த நகர் மன்செஸ்ரர். பஞ்சாலைகளும் நிலக்கரிப் புகையும் மலிந்த நகர் அது.

சிமித் அந்நகரிலும் அயலிலும் பெய்த மழைநீரை ஆராய்ந்து, 1852இல் தம் முடிபை வெளியிட்டார். தொலைவிலுள்ள வயல்களில் அமோனியாவின் காபனேற்று, புறநகரில் அமோனியாவும் கந்தகமும் கூடிய உப்பு, நகரினுள்ளே கந்தக அமிலம் என மூவகை நிலை கண்டார். 1872இல் காற்றும் மழையும் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார். அமில மழை என்னும் தொடரை உலகுக்கு அளித்தவர் அவரே.

அளந்ததோடு அவர் அமைந்தாரல்லர். காரத் தொழிற்சாலைகள் தாம் வெளிவிடும் ஐதரோகுளோரிக்கமில வாயுவில் 100க்கு 95 பங்கைத் தடுத்தல் வேண்டுமென 1863இல் பிரித்தானியாவிற் சட்டம் பிறந்தது. அதன் முதற் கண்காணிப்பாளர் சிமித். ஆலையாளரைத் தண்டித்தலினும் வழிகாட்டித் திருத்துதலையே அவர் விரும்பினார். எனினும், நிலக்கரிப் புகையை அச்சட்டம் தடுத்திலது. 1884இல் அவர் மறைந்தார், புகை மறையவில்லை.

அதன் விளைவை மன்செஸ்ரருக்குக் கிழக்கேயுள்ள பெனைன் மலைச் சதுப்புகள் காட்டின. மல்லாவிக்கு அணித்தான வவுனிக்குளம் பாலியாற்று நீரால் நிறைவது. அம்மலைச் சதுப்போ மழையையே நீராகவும் உணவாகவும் கொள்வது. ஆங்கு வளரும் பாசி, இறந்தபின்னும் முற்றாக அழுகாது அடுக்கடுக்காய்ப் படிந்து, காபனைத் தன்னுள் அடக்கி வைக்கும். கந்தகப் புகையால் அப்பாசி பெரும்பரப்பில் அழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கந்தகம் குறைந்தது. ஆயினும், ஊர்திகளும் பண்ணைகளும் விடும் நைதரசன் இன்றும் வானின்று படிகின்றது. அவ்வுரத்தால் புல் தழைத்துப் பாசியை நெருக்கும். வறுமையிற் பழகிய உயிருக்கு மிகையுணவும் நஞ்சாதல் காண்க.

வானம் பார்த்து விதைப்போர் மழையின் அளவை நோக்குவர். அதன் தன்மையையும் நோக்குதல் வேண்டுமென உலகுக்கு உணர்த்தியது சிமித் பெருமகனாரின் வாழ்வு.