மருத்துவக் கதவைத் திறந்தவர்

நுழையும்முன்

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தாம் முன்னர்க் கற்ற பாடங்களுக்குரிய சான்றிதழ்களை விண்ணப்பத்துடன் இணைக்கிறார். கற்றதற்குச் சான்று கிடைப்பதும், அச்சான்றைக் கல்வி நிறுவனம் ஏற்பதும் இன்று இயல்பான நடைமுறைகள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெண்ணொருத்தி மருத்துவம் பயில விரும்பியபோது இவ்விரண்டும் அவளுக்கு மறுக்கப்பட்டன. மாணவியாகப் பதிவு செய்யப்படாமலே கற்று, கற்ற ஒவ்வொன்றுக்கும் சான்று திரட்டி, அச்சான்றுகளைக் கொண்டே மருத்துவரானவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமைக் கல்வியும்

எலிசபெத் 1836ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இலண்டன் மாநகரின் வொயிட்சேப்பல் பகுதியில் பிறந்தார். தந்தை நியூசன் காரெட் அங்கு அடகுக்கடை நடத்திவந்தார். பின்னர்க் குடும்பத்துடன் சஃபோக் மாவட்டத்தின் ஆல்ட்பரோ என்னும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்து, தானிய வணிகத்திலும் கப்பல் தொழிலிலும் ஈடுபட்டுச் செல்வம் ஈட்டினார். தம் பெண்மக்களும் கல்வி பெறவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

எலிசபெத் தம் 13ஆம் வயதில் பிளாக்ஹீத்தில் இருந்த பெண்கள் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். இலக்கியமும் ஐரோப்பிய மொழிகளும் நன்னடத்தையும் அங்குக் கற்பிக்கப்பட்டன. கணிதமும் அறிவியலும் பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. செல்வக் குடும்பத்துப் பெண்களுக்கு அக்காலத்தில் வழங்கப்பட்ட கல்வி அத்தகையதாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகளில் பள்ளிப்படிப்பு முடிந்தது. மருத்துவம் பயில வேண்டிய நிலை வந்தபோது, தம் பழைய கல்வியில் இருந்த பெருங்குறையை எலிசபெத் உணர்ந்தார். இலத்தீனையும் கிரேக்கத்தையும் அறிவியலின் அடிப்படைகளையும் அவர் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது.

திசைகாட்டிய சந்திப்பு

1859ஆம் ஆண்டு எலிசபெத் பிளாக்வெல் என்னும் அம்மையார் இலண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து, அமெரிக்காவில் 1849ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். பெண்களுக்கேற்ற தொழில் மருத்துவம் என்பது அவரது உரையின் கருத்து. அதனைக் கேட்டவர்களுள் 22 வயதுடைய எலிசபெத் காரெட்டும் ஒருவர். அவ்வுரையும் அதன்பின் நிகழ்ந்த நேர்ச் சந்திப்பும் அவர் வாழ்வின் திசையை மாற்றின. பெண்கல்விக்காகப் பின்னாளில் கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியைத் தோற்றுவித்த எமிலி டேவிஸ் அவருக்கு நெருங்கிய தோழியாக இருந்து ஊக்கமூட்டினார்.

மகளின் விருப்பத்தை அறிந்த தந்தை முதலில் வெறுப்புற்றார். தாயோ இதனைக் குடும்பத்துக்கு நேரவிருக்கும் இழுக்காகவே கருதி வருந்தினார். மகளின் உறுதியைக் கண்ட தந்தை விரைவில் மனம் மாறினார். பணத்தாலும் செல்வாக்காலும் இறுதிவரை துணைநின்றார்.

செவிலியாக நுழைந்த மாணவி

பிளாக்வெல் சென்ற வழியில் எலிசபெத் செல்ல இயலவில்லை. 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம், தகுதி பெற்ற மருத்துவர்களுக்கென ஒரு பதிவேட்டை உருவாக்கியது. அச்சட்டத்துக்கு முன்பே வெளிநாட்டுப் பட்டத்துடன் தொழில் செய்தவர் என்பதால் பிளாக்வெல் அப்பதிவேட்டில் இடம்பெற்றார். அதன்பின் வெளிநாட்டுப் பட்டம் மட்டும் பெற்றவருக்கு அதில் இடமில்லை. பிரித்தானிய நிறுவனம் ஒன்றின் உரிமமோ பட்டமோ இன்றியமையாததாயிற்று. அந்நிறுவனங்களுள் எதுவும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே, 1860ஆம் ஆண்டு எலிசபெத் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அறுவைப் பிரிவின் செவிலியாகச் சேர்ந்தார். செவிலிப் பணியின் ஊடே புறநோயாளர் பிரிவையும் அறுவைச் சிகிச்சைகளையும் கூர்ந்து நோக்கினார். மருத்துவப் பள்ளியில் சேர அவர் செய்த முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும், மருத்துவமனையின் மருந்தாளுநரிடம் இலத்தீனும் கிரேக்கமும் மருந்துப் பொருளியலும் தனியே கற்க இசைவு கிடைத்தது. வாரத்தில் மூன்று மாலைப்பொழுதுகளில் ஆசிரியர் ஒருவரை அமர்த்தி உடற்கூற்றியலும் உடலியங்கியலும் பயின்றார். நாளடைவில் வேதியியல் வகுப்பிலும் உடற்கூறாய்வுக் கூடத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது.

பெண்ணொருத்தி தம்முடன் சமமாக அமர்ந்து கற்பதை ஆண் மாணவர் பலர் விரும்பவில்லை. 1861ஆம் ஆண்டு அவர்கள் எழுத்துவழி முறையீடு ஒன்றை அளித்தனர். நிருவாகத்தில் சிலரது ஆதரவு இருந்தும் எலிசபெத் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஆயினும், அவர் வெறுங்கையுடன் வெளியேறவில்லை. வேதியியலிலும் மருந்துப் பொருளியலிலும் சிறப்புச் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தன. பதிவேட்டில் பெயரில்லாத மாணவியின் முதல் கல்விச் சொத்து அவையே.

மூடிய வாயில்கள்

தொடர்ந்து அவர் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். 1862ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் அவரது வேண்டுகோள் வாக்கெடுப்புக்கு வந்தபோது வாக்குகள் சமமாகப் பிரிந்தன. வேந்தரின் தீர்மான வாக்கு எதிராக விழுந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் பதிவு செய்துகொண்டார். அப்பதிவு செல்லாது என அறிவிக்கப்பட்டது. எடின்பரோவும் அவரை ஏற்கவில்லை. அவர் கற்றவை போதாவென்று எவரும் கூறவில்லை. கற்றவர் பெண் என்பதே தடையாயிற்று.

சட்டம் காட்டிய வழி

அந்நாளில் இங்கிலாந்தில் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் வழங்கிய அமைப்புகளுள் ஒன்று இலண்டன் மருந்தாளுநர் கழகம். 1617ஆம் ஆண்டு அரச பட்டயத்தால் நிறுவப்பட்ட இக்கழகம், 1815ஆம் ஆண்டின் சட்டப்படி தேர்வு நடத்தி உரிமம் வழங்கிவந்தது. அக்கால மருந்தாளுநர் மருந்து விற்பவர் மட்டும் அல்லர். நோயாளியை ஆய்ந்து மருத்துவமும் செய்தனர். பெரிய கல்லூரிகள் ஆண்களுக்கே உரியவையாக இருக்க, இக்கழகத்தின் விதிகள் தகுதியுடைய நபர் எவரும் தேர்வெழுதலாம் என்ற பொருளில் அமைந்திருந்தன. நபர் என்னும் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்ட அறிஞர் கருத்துரைத்தனர். பெண்ணை நினையாமல் எழுதப்பட்ட விதியே பெண்ணுக்கு வழியாக அமைந்தது.

விதியில் வழி இருந்ததேயன்றித் தகுதியில் விலக்கு இல்லை. தேர்வெழுதுவோர் ஐந்தாண்டுகள் மருந்தாளுநர் ஒருவரிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குறிப்பிட்ட பாடங்களை ஏற்புடைய ஆசிரியர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவை அனைத்துக்கும் சான்று காட்டவேண்டும். ஆண் மாணவர் ஒரே கல்லூரியில் பெற்ற சான்றுகளை எலிசபெத் ஊர் ஊராகச் சென்று ஒவ்வொன்றாகத் திரட்டினார். மருந்தாளுநர் ஒருவரிடம் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராசிரியரிடம் தனியாகப் பாடம் கேட்டார். எடின்பரோ சென்று மகப்பேற்று மருத்துவம் பயின்றார். இலண்டன் மருத்துவமனையைச் சார்ந்த ஆசிரியர்களிடமும் கற்றார். அவரைப் பல்கலைக்கழகங்கள் விலக்கின; அங்குப் பணியாற்றிய ஆசிரியர் சிலர் தனியே கற்பித்துச் சான்றளித்தனர். பாடக்கட்டணத்தைத் தந்தை செலுத்தினார்.

தேர்வும் உரிமமும்

1865ஆம் ஆண்டு தேவையான சான்றுகள் அனைத்துடனும் எலிசபெத் தேர்வுக்கு விண்ணப்பித்தார். உண்மையிலேயே ஒரு பெண் தேர்வெழுத வந்து நிற்பதைக் கண்ட கழகம் தயங்கியது; அவரைத் தவிர்க்க முயன்றது. வழக்குத் தொடுக்கப்படும் எனத் தந்தை எச்சரித்தார். தன் விதி தன்னையே கட்டுப்படுத்துவதைக் கழகம் ஏற்க நேர்ந்தது.

1865ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் தேர்வு நடைபெற்றது. எழுவருள் மூவர் தேர்ச்சி பெற்றனர். அம்மூவருள் மிகுதியான மதிப்பெண் பெற்றவர் எலிசபெத். பிரித்தானியாவில் பெண் என்பதை மறைக்காமல் தேர்வெழுதி, மருத்துவ உரிமம் பெற்ற முதல் பெண் என்னும் பெருமை அவருக்குரியதாயிற்று.

அம்மகிழ்ச்சியின் பின்னே ஓர் அடி காத்திருந்தது. தனியாகக் கற்றதற்கான சான்றுகள் இனி ஏற்கப்படா என்று கழகம் தன் விதிகளைத் திருத்தியது. மருத்துவப் பள்ளிகள் பெண்களைச் சேர்ப்பதில்லை. பள்ளிக்கு வெளியே கற்றதோ செல்லாது. எலிசபெத் கடந்த வாயில் அவருக்குப் பின்னே அடைக்கப்பட்டது. தம் வெற்றி தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்னும் கவலை, அவரது எஞ்சிய வாழ்நாளின் பணிகளுக்கு வித்தாயிற்று.

மருத்துவப் பணி

1866ஆம் ஆண்டு இலண்டனில் ஏழைப் பெண்களும் குழந்தைகளும் மருத்துவம் பெறுவதற்காகச் செயின்ட் மேரி மருந்தகத்தைத் தொடங்கினார். முதலாண்டில் 3,000 புதிய நோயாளர் அங்கு வந்தனர். புறநோயாளர் வருகை 9,300 ஆக இருந்தது. பெண் மருத்துவரை நாடுவோர் இரார் என்ற கூற்றை இவ்வெண்ணிக்கை பொய்யாக்கியது. 1872ஆம் ஆண்டு இம்மருந்தகம் பெண்களுக்கான புதிய மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கு மருத்துவர்களும் பெண்களே.

உரிமம் பெற்றபின்னும் பட்டம் பெறும் வேட்கை அவரிடம் தணியவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு இடமளிப்பதை அறிந்து, பிரெஞ்சு மொழியில் தேர்வுகளை எழுதினார். ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஆய்வேடு அளித்து, 1870ஆம் ஆண்டு மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். பிரித்தானிய மருத்துவப் பதிவேடு அப்பட்டத்தை ஏற்க மறுத்தது.

அதே ஆண்டு இலண்டன் கல்விக்குழுத் தேர்தலில் 47,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். 1871ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஸ்கெல்ட்டன் ஆண்டர்சனை மணந்தார். மணவாழ்வு அவரது தொழிலைத் தடுக்கவில்லை. 1873ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரானார். அதன்பின் பெண்களைச் சேர்ப்பதில்லை எனச் சங்கம் முடிவெடுத்ததால், 19 ஆண்டுகள் அதன் ஒரே பெண் உறுப்பினராக விளங்கினார்.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவர்தம் தோழியரும் பட்டம் மறுக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். பெண்கள் வெளிநாடு சென்று பட்டம் பெறுவதே அப்போதைக்கு ஏற்றது என்று எலிசபெத் கருதினார். உள்நாட்டிலேயே பெண்களுக்கெனத் தனிப்பள்ளி வேண்டும் என்பது சோஃபியாவின் நிலைப்பாடு. கருத்து வேறுபட்டபோதும், 1874ஆம் ஆண்டு சோஃபியாவின் முயற்சியால் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி உருவானபோது எலிசபெத் அதனுடன் இணைந்து நின்றார். அப்பள்ளி 14 மாணவியருடன் தொடங்கியது.

பள்ளி தோன்றியதாலேயே சிக்கல் தீரவில்லை. அங்குக் கற்றதை ஏற்றுத் தேர்வு நடத்தும் அமைப்பும், நோயாளரிடையே பயிற்சியளிக்கும் மருத்துவமனையும் தேவைப்பட்டன. 1876ஆம் ஆண்டின் சட்டம், தேர்வு நடத்தும் அமைப்புகள் பெண்களுக்கும் உரிமம் வழங்கலாம் என இசைவளித்தது. மறு ஆண்டு அயர்லாந்தின் மருத்துவர் கல்லூரி பெண்களைத் தேர்வுக்கு ஏற்றது. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மாணவியருக்குப் பயிற்சியளிக்க முன்வந்தது. 1878ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகமே பெண்களுக்குப் பட்டம் வழங்க முடிவு செய்தது. 1883ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எலிசபெத் அப்பள்ளியின் முதல்வராகப் பணியாற்றினார். தாம் ஊர் ஊராக அலைந்து திரட்டிய சான்றுகளை, அவருடைய மாணவியர் ஒரே இடத்தில் முறையாகப் பெற்றனர்.

தெரிந்து தெளிவோம்

சென்னையில் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவர். அங்குப் பயின்று தேர்ந்தபின், மேற்படிப்புக்காக இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியை நாடினார். 1882ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு சென்னை திரும்பி, பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று அமையக் காரணமானார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. பின்னாளில் எலிசபெத் நிறுவிய மருத்துவமனையிலும் மேரி பணியாற்றினார்.

இறுதிக்காலமும் புகழும்

முதுமையில் ஆல்ட்பரோவுக்குத் திரும்பிய எலிசபெத், 1908ஆம் ஆண்டு அந்நகரின் மேயரானார். இங்கிலாந்தில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. தங்கை மில்லிசென்ட் ஃபாசெட் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய தலைவராவார். மகள் லூயிசா தாயைப் பின்பற்றி மருத்துவரானார். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்காகப் பெண்களே நடத்திய இராணுவ மருத்துவமனையை முன்னின்று இயக்கினார். எலிசபெத் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு அவர் நிறுவிய மருத்துவமனைக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது.

கல்வி கற்பவரின் உழைப்பால் விளைவது. அதற்கு மதிப்பளிப்பது சமுதாயத்தின் கடமை. அக்கடமையைத் தம் காலச் சமுதாயம் மறந்தபோது, எலிசபெத் சான்றுகளைத் திரட்டி அதனை நினைவூட்டினார். தமக்குத் திறந்த கதவு பிறர்க்கு மூடப்பட்டபோது, எவராலும் மூடவியலாத வகையில் ஒரு கல்விக்கூடத்தை வளர்த்தெடுத்தார். தனியொருவர் பெற்ற உரிமத்தைப் பல்லாயிரவர் பெறும் உரிமையாக மாற்றியதே அவரது வாழ்வின் பெரும்பயன்.

கற்பவை கற்றபின்

1. விதிகளில் கிடைத்த வாய்ப்பை எலிசபெத் பயன்படுத்திய முறையையும், அவ்விதிகள் பின்னர்த் திருத்தப்பட்டதன் விளைவையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. பெண்கள் வெளிநாடு சென்று கற்க வேண்டுமா, உள்நாட்டிலேயே தனிப்பள்ளி தொடங்க வேண்டுமா என்பதில் எலிசபெத்தும் சோஃபியாவும் கொண்ட கருத்துகளை முன்வைத்துச் சொற்போர் நிகழ்த்துக.