கணிப்பொறிக்கு ஆடக் கற்பித்த ஆசிரியர்

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளத்தில், மாலை வேளையில் சிறுவர் இருவர் திண்ணையில் அமர்ந்து ஆடுபுலியாட்டம் ஆடுவதாகக் கொள்க. தரையில் கரிக்கோடுகள், அவற்றின்மேல் 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டம் அறியாத தோழன் ஒருவன் அருகில் வந்து அமர்ந்தால், சிறிது நேரம் பார்த்திருந்தே அதனைக் கற்றுக்கொள்வான். கண்ணும் கருத்தும் இல்லாத பொறி ஒன்றுக்கு அவ்வாட்டத்தைக் கற்பிப்பது எங்ஙனம்? இடம் எது, காய் எது, வெற்றி எது என்பவற்றை ஒன்றுவிடாமல் அதற்கு விளங்கும் குறிகளால் எழுதித் தருதல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். நிரல் எழுதும் முறையை முன்பின் அறியாதவராய்த் தொடங்கி, கணிப்பொறியை ஆட்டம் ஆடச் செய்தவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்னும் பள்ளியாசிரியர் ஆவார்.

ஸ்ட்ரேச்சி 1916-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய பாட்டனார் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி இந்தியாவில் உயர்பதவி வகித்தவர். தந்தையார் ஆலிவர், பகைவரின் மறைகுறிகளை ஆய்ந்து பொருள் காண்பதில் வல்லவர். தாயார் ரே, பெண்டிரின் வாக்குரிமைக்காக உழைத்த பெருமாட்டி. அறிவாளர் நிறைந்த குடியிற் பிறந்தும், ஸ்ட்ரேச்சி கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத் தேர்வில் சிறப்பிடம் பெற்றாரல்லர். இடையில் மனநலம் குன்றி வருந்தவும் நேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். போர் முடிந்தபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, 1949-இல் புகழ்பெற்ற ஹாரோ பள்ளியை அடைந்தார்.

1951-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு 34 வயது. விடுமுறை நாள் ஒன்றில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் அமைத்திருந்த கணிப்பொறியைப் பற்றி அறியும் வாய்ப்புக் கிடைத்தது. அன்றே அவர் உள்ளத்தில் ஆர்வம் வேரூன்றியது. டிராஃப்ட்ஸ் என்னும் ஆட்டத்தை அப்பொறிக்குக் கற்பிக்க எண்ணினார். புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவது போல, சதுரங்கப் பலகையில் வட்டக்காய்கள் எதிர்க்காய்களைத் தாண்டி வெட்டும் ஆட்டம் அது. பள்ளிப்பணி ஒழிந்த வேளைகளில் முயன்று நிரலை எழுதினார். சூலைத் திங்கள் 30-ஆம் நாள் அது பொறியில் இடப்பட்டது. அந்தோ! பல திங்கள் உழைப்பும் அன்று பயன் தரவில்லை. நிரலிற் பிழைகள் இருந்தன; பொறியின் சிறு நினைவகமும் அதற்குப் போதவில்லை.

பிறர் ஆயின் பொறியைப் பழித்து ஒதுங்கியிருப்பர். ஸ்ட்ரேச்சி ஒதுங்கவில்லை. மான்செஸ்டர் நகரில் பெரிய நினைவகம் உடைய கணிப்பொறி உளது எனக் கேட்டு, ஆலன் டூரிங் என்னும் அறிஞரிடமிருந்து அதன் கையேட்டை வேண்டிப் பெற்றார். டூரிங்கின் தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். தாயார் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். டூரிங் எழுதிய அக்கையேடு கற்றற்கு அரியது. இரு பொறிகளின் குறிமுறைகளும் வேறு வேறு. ஆதலின் ஸ்ட்ரேச்சி மீண்டும் மாணவராகி, புதிய குறிகளைப் பயின்று, நிரல் முழுவதையும் திருப்பி எழுதினார். இதற்கிடையே டூரிங் கூறியவாறு வேறொரு நீண்ட நிரலையும் இயற்றி, ஓர் இரவு முழுதும் பொறியருகே இருந்து பிழைகளைத் திருத்தினார். பொழுது புலர்ந்தபோது அது செவ்வனே இயங்கி, இறுதியில் ஆங்கில நாட்டுப்பண்ணையும் இசைத்துக் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது.

1952-ஆம் ஆண்டுக் கோடைக்குள் ஆட்ட நிரலும் நிறைவுற்றது. ஆட்டப்பலகை பொறியின் திரையில் ஒளிப்புள்ளிகளாய்த் தோன்றியது. மனிதர் ஒரு காயை நகர்த்த, பொறி பின்வரும் நகர்வுகள் சிலவற்றை ஆராய்ந்து எதிர்க்காயை நகர்த்தியது. கணிப்பொறி ஆட்டங்களுள் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று.

அவ்வாண்டே ஸ்ட்ரேச்சி பள்ளியை விடுத்துக் கணிப்பொறித் துறையை மேற்கொண்டார். 1965-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நிரலாக்க ஆய்வுக்குழுவை நிறுவினார். பின்னர் அங்கே பேராசிரியரும் ஆனார். அவரும் பிறரும் கூடி வகுத்த சி.பி.எல். என்னும் நிரல்மொழியின் வழியிலே பி.சி.பி.எல்., பி, சி என்னும் மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சி மொழியினின்று வளர்ந்த சி++ மொழியிலேயே இன்றைய கணிப்பொறி ஆட்டங்கள் பல இயற்றப்படுகின்றன. 1975-ஆம் ஆண்டு மே திங்கள் 18-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பிழையறக் கற்றபின்னரே தொடங்குவேன் என்று ஸ்ட்ரேச்சி காத்திருந்தாரல்லர். தொடங்கினார், பிழைத்தார், அப்பிழையினின்றே கற்றார். சொல்லாததைப் பொறி செய்யாது. தவறாகச் சொல்லியதைத் தவறாகவே செய்யும். ஆதலின் அது காட்டும் பிழை நம் அறிவின் குறையை நமக்கு உணர்த்தும் ஆசானாகும். திண்ணையில் ஆடுபுலி ஆடும் சிறுவனும் தன் ஆட்டத்தின் விதிகளை ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்தி எழுதத் தொடங்குவானாயின், அவனும் அவ்வாசிரியர் சென்ற வழியில் முதலடி எடுத்து வைத்தவன் ஆவான்.