ஹியூ கிளெக்கோர்ன் (காட்டியலாளர்)

ஹியூ பிரான்சிசு கிளார்க் கிளெக்கோர்ன் (ஆகத்து 9, 1820 – மே 16, 1895) சென்னையில் பிறந்த இசுக்கொட்டிய மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலராகப் பணியாற்றியவர். சுவருக்கு மாற்றாகச் செடிகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் உயிர்வேலிகளை ஆராய்ந்து, இந்தியாவின் வேலித் தாவரங்களைப் பற்றி 1850இல் கட்டுரை வெளியிட்டார். இவருடைய பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெக்கோர்னே. அவர் பிரித்தானிய இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளராக இருந்தவர்.

பிறப்பும் கல்வியும்

கிளெக்கோர்னின் தந்தை பாட்ரிக், சென்னை உச்ச நீதிமன்றத்தில் பதவி வகித்தார். சிறுவயதிலேயே இசுக்கொட்லாந்துக்கு அனுப்பப்பட்ட கிளெக்கோர்ன், செயின்ட் ஆண்ட்ரூசில் பயின்றபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை திரும்பினார்.

பின்னர் மைசூர்ப் பகுதியில் சிமோகாவில் பணிபுரிந்தபோது, நாள்தோறும் ஒரு செடியை ஆராய்வதை வழக்கமாகக் கொண்டார். உள்ளூர் ஓவியரைக் கொண்டு அச்செடிகளை வரையச் செய்தார். பிற்காலத்தில் கோவிந்து முதலான ஓவியர்களும் இவருக்காக வரைந்தனர். இவ்வோவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பேணப்படுகின்றன.

உயிர்வேலி ஆய்வு

உடல்நலக் குறைவால் 1848இல் விடுப்பில் சென்ற கிளெக்கோர்ன், 1850இல் எடின்பரோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தில் தம் கட்டுரையைப் படித்தார். எந்தச் செடி எந்தப் பயன்பாட்டுக்கும் எந்த இடத்துக்கும் ஏற்றது என்பதே அதன் மையக் கேள்வி. தமிழகத்தில் கள்ளி, கிளுவை, மருதாணி, தாழை, மூங்கில் முதலியன நெடுங்காலமாக வேலிகளாக வளர்க்கப்பட்டு வந்துள்ளன. இத்தகைய மக்கள் வழக்கம் அறிவியல் ஆய்வுக்குரிய பொருளாயிற்று.

அதே கழகம் வெப்பமண்டலக் காடுகளின் அழிவைப் பற்றி ஆராய அமைத்த குழுவிலும் இவர் முதன்மைப் பங்காற்றினார். அதன் அறிக்கை 1851இல் அளிக்கப்பட்டது.

சென்னைப் பணிகள்

1852இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். 1835இல் நிறுவப்பட்ட சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார். அச்சங்கத் தோட்டத்தின் செடிகளைப் பட்டியலிட்டு 1853இல் நூலாக வெளியிட்டார். சென்னைக் கடற்கரையில் மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகளைப் பற்றியும் எழுதினார். இராவணன் மீசை, அடம்பு ஆகியவை இக்கரையில் காணப்படும் அத்தகைய தாவரங்களாகும்.

இராயபுரம் தொடருந்தும் காடுகளும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடருந்துப் பாதை, 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தண்டவாளக் கட்டைகளுக்கும் எரிபொருளுக்கும் மரத்தின் தேவை பெருகியது. அவ்வாண்டு திசம்பரிலேயே கிளெக்கோர்ன் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அரசுக்கு வேண்டிய மரத்தைத் தருவதும் காட்டை அழியாமல் காப்பதும் ஆகிய இருவேறு கடமைகள் இவர்மேல் விழுந்தன. இப்பணி அனுபவங்களைக் கொண்ட "தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும்" என்னும் பொருளுடைய ஆங்கில நூல் 1861இல் வெளிவந்தது.

திறனாய்வு

மலைவாழ் மக்களின் குமரி எனப்படும் எரிபுனச் சாகுபடியைக் காடழிவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கிளெக்கோர்ன் கருதினார். இவர் காலத்தில் சென்னை அரசு அதைக் கட்டுப்படுத்தியது. தொடருந்துக்கும் கப்பல் கட்டுதலுக்கும் மரம் வெட்டப்பட்டுவந்த நிலையில், அம்மக்களின் வாழ்வாதாரமே தடைக்குள்ளானது என்பது வரலாற்றாய்வாளர்கள் முன்வைக்கும் குறையாகும். காட்டுப் பாதுகாப்பில் இவரது பங்கை மதிப்பிடும்போது இதனையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இறுதிக் காலம்

1860களின் முற்பகுதியில் பஞ்சாப், மேற்கு இமயமலைக் காடுகளை ஆராய்ந்து, 1864இல் அறிக்கை வெளியிட்டார். பிராண்டிசு விடுப்பில் இருந்தபோது காடுகளின் தலைமை ஆய்வாளர் பொறுப்பையும் வகித்தார். பின்னர் இசுக்கொட்லாந்து திரும்பி, அங்குக் காட்டியல் கல்வி வளர உழைத்தார். 1895இல் இசுட்ராவிதி என்னும் ஊரில் காலமானார். கிளெக்கோர்னியா என்னும் தாவரப் பேரினம் இவர் பெயரால் வழங்குகிறது.

உயிர்வேலியும் பசுஞ்சுவரும்

இன்றைய நகரங்களின் பசுஞ்சுவர், உயிர்வேலியினின்று வேறுபட்டது. வேலிச் செடி நிலத்தில் வேரூன்றுகிறது. பசுஞ்சுவரில் செடிகள் செங்குத்தான சட்டகத்தில் வளர்கின்றன. இதற்கான காப்புரிமையை அமெரிக்காவின் இசுடான்லி ஹார்ட் ஒயிட் 1938இல் பெற்றார். 1980களிலிருந்து பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்கு இதனைப் பரவலாக்கினார்.

இரண்டின் பயன்களும் ஒத்தவை. இலைகள் நீராவியை வெளியிடுவதால் சுற்றுப்புறம் குளிர்கிறது. நிழலால் சுவரின் வெப்பம் குறைகிறது. தூசியின் ஒரு பகுதி இலைகளில் படிகிறது. எனினும் பசுஞ்சுவருக்கு இடைவிடாத நீரும் பராமரிப்பும் தேவை. உப்புக் காற்றும் ஆலைத் தூசியும் கலந்த திருவொற்றியூர், எண்ணூர் போன்ற பகுதிகளில், இடத்துக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுத்தல் என்னும் கிளெக்கோர்னின் அணுகுமுறை சிறப்பாகப் பொருந்துகிறது. அங்கு மண்ணில் வேரூன்றும் வேலியே குறைந்த செலவில் நிலைத்து நிற்கக்கூடியது.